இருநூறு சொல்லில் எழுதுக

ஓங் மிஸ் கொடுத்த தாளில்
மேலே பள்ளிச் சின்னம், கீழே முப்பது கோடு.
நடந்ததை எண்ணிப் பார்த்து
இருநூறு சொல்லில் எழுதுக.
பெயர்: மிருதுளா இளஞ்செழியன்.
வகுப்பு: உயர்நிலை நான்கு.
குற்றம் என்ற கட்டத்தை மட்டும்
அவரே நிரப்பியிருந்தார்:
ஹாக்கி மட்டையை வீசியது.

எழுதிக் கொடுத்துவிட்டேன்.
கோபம் வந்தது, தவறுதான், இனி நடக்காது.
எண்ணிப் பார்த்தால் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
வருந்துகிறேன் என்பதற்கு முன்னால்
'மிக', 'மிக' என்று இரண்டு சேர்த்தேன்.

எழுதாதது இது.

செங்காங்கில் அன்று மழை விட்டு,
இடி எச்சரிக்கை விளக்கு அணைந்தபின்
மறுபடி இறங்கினோம்.
ஒன்றுக்கு ஒன்று. நான்கு நிமிடம் மிச்சம்.
நம் வட்டத்துக்குள் பந்து வந்தது,
என்னைத் தாண்டவில்லை.
விசில்.
நடுவர் குனிந்து தன் காலைத் தொட்டுக் காட்டினார்.
"மட்டையில்தான் பட்டது!" என்று கத்தினேன்.
கத்தக் கத்த
எனக்கே அது நிஜமாகிக்கொண்டு வந்தது.
அகிலாவும் சேர்ந்து கத்தினாள்,
ஜியா ஷுவான் அழவே தொடங்கிவிட்டாள்.
என்னை நம்பித்தானே.

பெனால்டி கார்னர். கோல்.
என் மட்டை ஈரத் தரையில் ஒருமுறை துள்ளி
நடுவரின் கணுக்காலில் போய் நின்றது.

குர்மீத் சார் ஒன்றும் சொல்லவில்லை.
என் பையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்.
ஷூவைக் கழற்றினேன்.
இடது சுண்டுவிரல் ஓரம்
கொழுக்கட்டை போல வீங்கியிருந்தது.
காலுறையை இழுத்துவிட்டு மூடினேன்.

ஜனவரியிலேயே ஒப்பமிட்ட தாள் இருக்கிறது,
பதினான்கு விதிகள்.
இரவு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா
குளிர்பெட்டிக் கதவில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்,
பேனா சறுக்கிச் சறுக்கி.
ஆறாவது விதி: நடுவரின் முடிவே இறுதி.
பிழையான முடிவைத் தாங்கிக்கொள்ளச் சொல்வது அது.
சரியான முடிவைத் தாங்குவது எப்படி என்று
பதினான்கிலும் இல்லை.

மூன்று ஆட்டங்களுக்குத் தடை.
தண்ணீர்க் குப்பிகளை நிரப்பினேன்.
வியர்த்த மேலுடைகளை எண்ணி மடித்தேன்,
பதினொன்று, ஒன்று எப்போதும் காணாமல் போகும்.
என் இடத்தில் உயர்நிலை இரண்டு எமிலி
பந்தைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள்.
அதிலும் ஒருமுறை ஜெயித்தோம்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் ஆட்டம் முடிந்து எல்ஆர்டியில் ஏறினால்
மூலை இருக்கையில் நடுவர்.
கழுத்தில் விசில் இல்லை,
பாலிடெக்னிக் அட்டை தொங்கியது.
விசில் போனதும் அவர், அவளாகியிருந்தாள்.
பத்தொன்பது வயது இருக்கலாம்.
மடியில் கணக்குக் குறிப்புகள்,
கணுக்காலில் பழுப்புக் கட்டு.
பையை நகர்த்தி இடம் விட்டாள்.

"இன்று ஆடினாயா?"
"தடை."
ஒரு நிலையம் போயிற்று.
கதவு மூடும் மணி ஒலிக்கும்போது சொன்னேன்,
சத்தத்தில் கேட்காமல் போகட்டும் என்று:
"என் காலில்தான் பட்டது."
அவள் பக்கத்தைத் திருப்பினாள்.
"என் காலிலும்தான்."

சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வர இரண்டு நிலையம் பிடித்தது.
வந்தபோது அவள் இறங்கிப் போயிருந்தாள்,
நொண்டாமல் நடக்கப் பார்த்தபடி.

மறுநாள் ஓங் மிஸ்ஸிடம் தாளைத் திரும்பக் கேட்டேன்.
கோப்பில் தேடி எடுத்தார்.
"இதற்கு மார்க் எல்லாம் கிடையாதே?"
"தெரியும் மிஸ்."
நின்றபடியே
இரண்டு 'மிக'வையும் அடித்தேன்.
இப்போது இரண்டு சொல்லுக்கு இடம் இருந்தது:
காலில் பட்டது.

எண்ணிக்கை சரி.
அகிலாவிடம் இன்னும் சொல்லவில்லை,
ஜியா ஷுவானிடமும்.
நாளை மூன்றரைக்குப் பயிற்சி.
சுண்டுவிரல் நகம் கறுத்து
உதிரப் பார்க்கிறது.